வண்டிக்கு அடியில் ஓர் அட்டை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குப் பொறாமையில் கிடைத்தது. எழிலரசி கொடுத்தாள் என்று சொல்வதுதான் மரியாதை. ஆனால் அவள் கொடுக்கவில்லை. டீ குடிக்கும்போது வாய்தவறிச் சொன்னாள், நான் பொறுக்கிக்கொண்டேன்.

எழிலரசி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். என்னைப் போலக் கதை எழுதுகிறவள்தான். எழுதுவதைவிட நான் எழுதியதைப் படித்துக் குறை சொல்வதில் கெட்டிக்காரி. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் ஒரு வேனில் ஆபீஸ் போய் வருகிறாள். அதை ஓட்டுவது ஒரு பெண்.

"அந்தக்கா வூட்டுக்காரர் மெக்கானிக்கு. தெனம் காலைல வண்டிக்கு அடியில அட்டைய போட்டு வெக்கிறாரு. அப்பறம் இழுத்து இழுத்துப் பாக்கறாரு. ஏன்க்கான்னு கேட்டா அது சிரிக்குது" என்றாள்.

அவ்வளவுதான். என் டீ ஆறிப்போனது. ஒரு கதைக்குள் தினமும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறாள் இவள்! எனக்கு வாய்த்தது ஷேர் ஆட்டோ. "நீ எழுதப் போறியா?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். அவள் பார்ப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அன்றே உட்கார்ந்துவிட்டேன்.

ஆக, வேனும் அட்டையும் நிஜம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு, பெயர்கள் உட்பட.

2

முதல் தொடக்கம்: 'அண்ணாமலையின் உச்சியில் பொன்னொளி படர்ந்த அந்த வைகறையில், வல்லரசு'

வேண்டாம். இந்த ஊரில் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் மலை முன்னால் வந்து நின்றுகொள்கிறது. வல்லரசு மலையைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் தொடக்கம்: 'இன்டேக் மேனிஃபோல்டு என்பது இன்ஜினுக்குள் காற்றைப் பங்கிட்டு அனுப்பும் அலுமினியப் பாகம். டீசல் வண்டியில் அந்தக் காற்றோடு ஆயிலும் ஆவியாகக் கொஞ்சம் வரும். பாகம் இன்ஜினோடு பொருந்தும் இடம் சரியாக அடைபடவில்லை என்றால் அந்த ஆயில் வெளியே கசிந்து'

இது பாடப் புத்தகம். ஆனாலும் அடிக்காமல் விட்டுவைக்கிறேன், உங்களுக்குப் பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் தொடக்கம்: 'மெக்கானிக் வல்லரசின் மனைவி தன் வண்டியை இன்னொரு மெக்கானிக் அமானிடம் விட்டாள்.'

இது போதும். மெக்கானிக் வேலை பார்க்கிற யாரிடமாவது இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்.

3

வல்லரசு கெட்ட மெக்கானிக் இல்லை. இதை இப்போதே சொல்லாவிட்டால் அவனை நீங்கள் தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் முன்பக்கம் ஷெட், பின்பக்கம் வீடு. கீழ்பென்னாத்தூரிலிருந்துகூட அவனைத் தேடி வண்டி வரும்.

மேனிஃபோல்டு வேலை அவனுக்கு அத்துப்படி. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, பொருந்தும் இரண்டு முகத்தையும் தின்னரில் துடைத்து, ட்யூபிலிருந்து கசிவை அடைக்கும் பேஸ்ட்டை மெல்லிய கோடாக இழுப்பான். விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து, பாகத்தை நகர்த்தாமல் நேராக உட்கார வைப்பான். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே போவான். அதன்பிறகு ஒரு ராத்திரி முழுக்க வண்டியை யாரும் தொடக் கூடாது. பேஸ்ட் இறுகுவதற்குள் இன்ஜினை ஓட்டினால் அது வழிவிட்டுவிடும், அதன் வழியாக ஆயில் வந்துவிடும். "நாளைக்கு வாங்க, இன்னிக்குத் தர மாட்டேன்" என்று எத்தனை பெரிய ஆளையும் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

மனைவி அருணாதேவியின் வேனுக்கு மட்டும் இந்த நியாயமெல்லாம் கிடையாது. கஸ்டமர் வேலை எல்லாம் முடிந்தபிறகு, மிச்சமிருக்கும் ட்யூபைப் பிதுக்கி, போல்ட்டை முறுக்கி, அந்த இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிடுவான். கேட்டால், "நம்ம வண்டிதான" என்பான். காலையில் அவளுக்கு டிரிப் இருக்கிறதே என்பது ஒரு காரணம். அவள் வேறு எங்கே போய்விடப் போகிறாள் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை அவன் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

வேன் ஒழுகியது. அடைத்தான். மறுபடி ஒழுகியது. ஒருநாள் கலெக்டர் ஆபீஸ் வாசலிலேயே ஆயில் சூட்டில் பட்டுப் புகைந்து, ஆபீஸ் பெண்கள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். அருணாதேவி வண்டியை ஆற வைத்து எடுத்தாள். வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம் திருப்பினாள். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"வண்டி எங்க?" என்றான் வல்லரசு.

"அமான் ஷெட்ல வுட்டுட்டு வந்துட்டேன்."

"எவன் ஷெட்ல?"

"காதுல வுழுந்துச்சில்ல."

"ஊரு சிரிக்கும் அருணா."

"ஊரு ஏற்கெனவே சிரிச்சிடுச்சு, பொகைய பாத்து."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

"சொன்னேனே. போன தபா சொன்னேன். அதுக்கு முன்ன தபாவும் சொன்னேன். நம்ம வண்டிதானன்னு சொன்னீங்க."

அவன் ஷெட்டுக்குத் திரும்பினான். எடுத்த சாமானை எடுத்த இடத்திலேயே வைத்தான். வயிறு எரிந்தது என்று எழுதினால் பழைய சொல்லாக இருக்கிறது. ஆனால் எரிந்தது வயிறுதான்.

4

அமானும் வல்லரசும் ஒரே ஷெட்டில் தொழில் பழகியவர்கள். அமான் இரண்டு வயது இளையவன், இன்றும் 'ணா' போட்டுத்தான் பேசுவான். பழகிய காலத்தில் வல்லரசின் கை வேகமானது, அமானுடையது மெதுவானது. மெதுவானவனுக்கு அவலூர்பேட்டை ரோட்டில் டைல்ஸ் போட்ட ஷெட் அமைந்தது. அதை வல்லரசு பொறுத்துக்கொண்டான். இதைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் அருணாதேவி வண்டியைப் பார்க்கப் போனாள். வல்லரசு பைக்கில் பின்னாலேயே போய், அமான் ஷெட்டுக்கு எதிரே டீக்கடையில் தூண் மறைவில் உட்கார்ந்தான். ரோட்டைத் தாண்டி அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, எழுதுவது நான் என்பதால்.

"பேஸ்ட் வெச்சிருக்கேன் க்கா. வெரல்ல ஒட்டாத பதம் வர வரைக்கும் நானும் தொட மாட்டேன். மாட்டனதுக்கு அப்பறமும் நாளைக்குத்தான் வண்டி. ஒக்காருங்க."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஆவற நேரம் ஆவும். அவசரம்னா பஸ்ல போய்டுங்க."

அவள் போகவில்லை. அமான் ஒரு பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டான். வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை அவள் பையிலிருந்து எடுத்தாள். பானெட் திறந்து கிடந்த வேனுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் பேஸ்ட் காய்ந்துகொண்டிருந்தது. அதிகம் பேசிக்கொள்ளவும் இல்லை.

வல்லரசு பார்த்தது இதைத்தான். யாரையாவது கூப்பிட்டுக் குற்றம் சொல்லலாம் என்றால் சொல்ல ஒன்றுமில்லை. சிரித்துப் பேசியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தன் மனைவி இன்னொருவன் ஷெட்டில், அவசரமில்லாமல், சும்மா உட்கார்ந்திருக்கிறாள். தன் ஷெட்டில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வருவாள், நிற்பாள், சாவியை வாங்கிக்கொண்டு போவாள். அங்கே அவளுக்கு ஒரு சேர் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தான். இல்லை.

(இங்கே ஒரு இடைச்செருகல். இதுவரை எழுதியதை எழிலரசிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "அமான் சூப்பர். அவன இன்னும் கொஞ்சம் எழுது" என்று பதில் வந்தது. எனக்கு எரிச்சல். பாவம், நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது வல்லரசோடு. இவன் இரண்டு வரி பேசிவிட்டு நல்ல பேர் வாங்கிக்கொண்டு போகிறான். கோபத்தில் அமானுக்கு ஒரு கெட்ட குணம் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். குடிகாரன்? பேஸ்ட்டில் கலப்படம் செய்கிறவன்? எதுவும் அவன்மேல் ஒட்டவில்லை. ஆகவே அவனை இதோடு கதையை விட்டு அனுப்புகிறேன். இனி அவன் வர மாட்டான், அவன் அடைத்த மேனிஃபோல்டு மட்டும் இருக்கும்.)

5

வேன் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலிருந்து அட்டை ஆரம்பித்தது.

டிவி வந்த பெட்டியைப் பிரித்து, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய, இன்ஜினுக்கு நேர் கீழே விரிப்பான். அருணாதேவி குளித்துக் கிளம்பும் நேரத்தில் இழுத்துப் பார்ப்பான். ஒரு சொட்டு விழுந்திருந்தால் போதும். அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து காட்டிவிடுவான், அமானின் நிதானம் எல்லாம் அந்த ஒரு சொட்டில் முடிந்துவிடும்.

அட்டை சுத்தமாக இருந்தது. எறும்பு ஓடியது. ஒருநாள் பூனை படுத்திருந்தது.

பக்கத்து மளிகைக்கடை ஜோதியம்மாள் ஒருநாள் கேட்டே விட்டாள். "இன்னாப்பா வல்லரசு, மொளகா காய வெக்கிறியா?"

"ஆயில் லீக்கு செக் பண்றேன்."

"லீக்கு கீதா?"

"இல்ல."

"அப்போ ஏன் மூஞ்ச தூக்கி வெச்சினு கீற?"

6

இந்தப் பகுதியை எழுதவே கூடாது என்றிருந்தேன்.

பௌர்ணமி வந்தது. வெளியூர் பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து கிரிவலத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்க வேனுக்கு ஓயாத டிரிப். அருணாதேவி மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்திருந்தாள். வேன் வேப்பமரத்தடியில் நின்றது. வல்லரசு பானெட்டைத் தூக்கினான். கையில் ரிங் ஸ்பேனர்.

மேனிஃபோல்டின் ஓரத்துப் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தினால் போதும். யாருக்கும் தெரியாது. சாயங்காலத்துக்குள் கசிய ஆரம்பிக்கும். கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில் புகையும். உள்ளே ஆட்கள் இருப்பார்கள். ஓட்டுகிற இடத்தில் அவள் இருப்பாள். இதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினான்.

அப்போதுதான் பொருந்தும் இடத்தைக் கிட்டத்தில் பார்த்தான். இறுக்கும்போது வெளியே பிதுங்கிய பேஸ்ட், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே அளவில், நூல் பிடித்த மாதிரி நின்றது. எங்கும் கூடவில்லை, எங்கும் குறையவில்லை. ஆர அமர வைத்தால் அவனும் இப்படித்தான் வைப்பான். வைத்திருக்கிறான், யார் யார் வண்டிக்கோ. அவன் மனம் விட்டுப்போனது அங்கேதான். ஸ்பேனரை எடுத்தான். பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினான்.

கைவிட்ட வாக்கியம்: 'அப்போது வீட்டு ஜன்னலில் திரைச்சீலை'

(சினிமா மாதிரி இருக்கிறது என்று அடித்தேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

7

கதை எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அட்டையில் ஒரு சொட்டை விழவைத்தேன்.

முதல் பிரதியில் வல்லரசு குதித்தான். அட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான், ஜோதியம்மாளிடம் காட்டினான். கடைசியில், ஜெயித்த பிறகும் மனசுக்குள் ஏதோ வெறுமை என்று ஒரு வரி போட்டு முடித்திருந்தேன். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. எழிலரசியை ஃபோனில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"சொட்டு இன்னா கலரு?" என்றாள்.

"ஆயில் கலரு."

"ஆயில்ல எந்த ஆயிலு? டீசல் வண்டில ஆயில் மாத்தி ரெண்டு நாள் ஓட்னா மை மாதிரி கறுப்பாயிடும். அந்தக்கா டிப் ஸ்டிக்கத் தொடைக்கறத தெனம் பாக்கறேன். நீ சொட்டு 'மினுங்கியது'ன்னு எழுதியிருக்க. மினுங்குச்சுன்னா அது டப்பாவுல கீற புது ஆயிலு. இன்ஜின்லேர்ந்து வந்தது இல்ல."

ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றேன். என் கதையில் நான் வைத்த சொட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டியது. வல்லரசு டீக்கடைத் தூணுக்குப் பின்னால் என்ன பாடுபட்டிருப்பான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஏழாம் பகுதியின் அந்த முதல் பிரதியைக் கிழித்துப் போட்டேன். ஆறாம் பகுதியில் அடித்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்: அப்போது வீட்டு ஜன்னலில் திரைச்சீலை விலகியிருந்தது. அருணாதேவி தூங்கவில்லை. ஸ்பேனர் போல்ட்டில் ஏறியதையும் பார்த்தாள், இறங்கியதையும் பார்த்தாள்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை வல்லரசு அட்டையை இழுத்தான். நடுவில் ஒரு சொட்டு இருந்தது.

நெஞ்சு துள்ளியது, பொய் சொல்வானேன். "அருணா!" என்று கத்த வாயைத் திறந்துவிட்டான். கை மட்டும் பழக்கத்தில் முந்திக்கொண்டு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தது. தேன் நிறம். கரி இல்லை. டீசல் வாடை இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அலமாரியில் புது ஆயில் டப்பாவின் மூடி சரியாகத் திருகாமல் சாய்ந்திருந்தது. நேற்று அவன் திருகித்தான் வைத்தான்.

அருணாதேவி டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.

"இன்னாங்க, வந்துடுச்சா லீக்கு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கிண்டலா, பரிதாபமா, கோபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. (எனக்கும்.)

"தெனம் பாத்துனு இருந்தீங்களே" என்றாள். "பௌர்ணமி அன்னிக்குகூடப் பாத்தீங்க."

வல்லரசின் கை அட்டையிலேயே நின்றது. காது மடல் வரை சூடேறியது.  டம்ளரை அவன் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது வீட்டுச் சேர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஷெட்டுக்குள், வேனின் மூக்குக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையில் முடிந்திருந்த வேர்க்கடலையை மடியில் கொட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு டிரிப் இல்ல. நாளைக்கும் லீவ் சொல்லிட்டேன். நீங்களே பாருங்க."

"நேரம் ஆவும் அருணா."

"ஆவட்டும்."

"பேஸ்ட் வெச்சா தொடக் கூடாது. காயற வரைக்கும் சும்மாதான் ஒக்காந்து இருக்கணும்."

"அதுக்குத்தான வந்து ஒக்காந்திருக்கேன்" என்றாள்.

9

கதை இங்கேதான் நிற்கிறது.

வல்லரசின் ஒரு கையில் துடைக்கிற வேஸ்ட் துணி, இன்னொரு கையில் ஸ்பேனர். துணியால் சொட்டைத் துடைத்து, "லீக்கு இல்ல, அவன் நல்லாத்தான் அடச்சிருக்கான்" என்று சொல்லிவிடலாம். அது உண்மை. ஆனால் சொன்ன அடுத்த நிமிஷம் அவள் எழுந்து சேரை உள்ளே கொண்டுபோய்விடக்கூடும். அல்லது ஸ்பேனரைப் போட்டு, ஒரு குற்றமும் இல்லாத வேலையைப் பிரித்து, சுரண்டி, தின்னரில் துடைத்து, முதலிலிருந்து வைக்கலாம். அது பொய்க்குச் செய்கிற வேலை. ஆனால் ஊரார் வண்டிக்குக் கொடுத்த நேரம் முழுவதையும் அன்றைக்கு அவள் வண்டிக்குக் கொடுப்பான், அவள் கூடவே உட்கார்ந்திருப்பாள்.

முதல் முடிவை நாலு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் வல்லரசு நல்லவனாகிவிட்டான், அருணாதேவி தனியாகிவிட்டாள். இரண்டாவதை எழுதினால் அமானின் அந்த நூல் பிடித்த கோட்டைச் சுரண்டுவதற்கு என் கை வரவில்லை. அவனை விரட்டியது நான்தான், ஆனாலும் வரவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு எழிலரசியிடமே கேட்டேன். "நெஜத்துல இன்னா ஆச்சு? அட்டை இன்னும் கீதா?"

"அட்டைய காணோம்" என்றாள். "இன்னிக்கு வண்டி ஏறும்போது பாத்தேன். ஷெட்டுக்குள்ள ரெண்டு சேர் கெடந்துது."

"ரெண்டா? மேனிஃபோல்ட கழட்னாரா, இல்லியா?"

"அந்தக்காவ கேட்டேன். சொல்லுச்சு."

"இன்னா சொல்லுச்சு?"

"அத நான் எழுதிக்கிறேன்" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆகவே என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு சொட்டு, ஒரு ஸ்பேனர், ஒரு துணி, இரண்டு சேர். எழிலரசி எழுதி முடிப்பதற்குள் நீங்கள் முடித்துவிட்டால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கழற்றுங்கள், அல்லது துடையுங்கள். எதைச் செய்தாலும், செய்த கையோடு வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். அவள் எழுந்திருக்கும் வரை பக்கத்தில் உட்காருங்கள்.